தேங்காயும் அரிசியும் வாக்குச்சீட்டும்
புத்தளக் கரையோரத்திலிருந்து நோக்கும் குடியேற்றவாதத்தின் இறுதிக் காலம் (1931–1949)

இலங்கை சுதந்திரமடைந்த வரலாறு இதுகாறும் மூன்று இடங்களிலிருந்தே நோக்கப்பட்டு வந்துள்ளது. அரசியலமைப்புச் சீர்திருத்தங்களை முதன்மைப்படுத்துவோர் கொழும்பிலிருந்து நோக்குவர். தமிழ்த் தேசியப் பிரச்சினையை முதன்மைப்படுத்துவோர் யாழ்ப்பாணத்திலிருந்து நோக்குவர். தோட்டத் தொழிலாளரின் உரிமையிழப்பை முதன்மைப்படுத்துவோர் மலையகத்திலிருந்து நோக்குவர். இம்மூன்று நோக்குகளுக்கும் உரிய நியாயம் உண்டு. ஆயினும், நீர்கொழும்பிலிருந்து சிலாபம், உடப்பு, முந்தல், மதுரங்குளி, புத்தளம், கற்பிட்டி எனச் செல்லும் மேற்குக் கரையோரம் இவற்றுள் எதிலும் இடம்பெறுவதில்லை. தமிழியல் ஆய்வாளரும் சைமன் காசிச்செட்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் கற்பிட்டியை நினைவுகூர்ந்து, அத்துடன் அப்பிரதேசத்தை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

இப்புறக்கணிப்பு தற்செயலானதன்று. இனத்தை அலகாகக் கொண்டு வரலாற்றை எழுதுவோருக்கு இக்கரையோரம் வசதியான இடமன்று. மதுரங்குளியைச் சூழவுள்ள விருதோடை, கடையாமோட்டை போன்ற ஊர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் வாழ்கின்றனர். தெற்கே உடப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு நிகழ்த்தும் தமிழ் மீனவர் வாழ்கின்றனர். சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் வீட்டிலே தமிழும் கோயிலிலும் பாடசாலையிலும் சிங்களமும் பேசிப் படிப்படியாகச் சிங்களவராகிய கத்தோலிக்கர் வாழ்கின்றனர். கிழக்கே, பெயரிலேயே தமிழைக் கொண்டிருந்தும் சிங்களம் வழங்கும் தெமள ஹத்பத்து இருக்கின்றது. யார் எந்த இனம் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைக்காத இடம் இது. யார் எதை உடைமையாகக் கொண்டிருந்தார், யார் எவருக்காக உழைத்தார் என்ற கேள்விக்கோ இங்கே மிகத் தெளிவான விடை கிடைக்கின்றது. அக்காரணத்தினாலேயே குடியேற்றவாதத்தின் இறுதி ஆண்டுகளை நாம் இக்கரையோரத்திலிருந்து நோக்க முற்படுகின்றோம்.

1. தென்னையும் அதன் உடைமையாளரும்

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் வீதியில் புத்தளத்தை அடைவதற்கு முன்னர் வருவது மதுரங்குளி. மேற்கே களப்பும் கடலும், கிழக்கே வரண்ட காடும் சேனை நிலமும், இடையிலே தென்னை என்பதே இப்பகுதியின் நில அமைப்பு. கொழும்பு, குருநாகல், சிலாபம் ஆகியவற்றை உள்ளடக்கிய தென்னை முக்கோணத்தின் வட எல்லை இது. தென்னைக்கு வேண்டிய மழை இங்கே குறையத் தொடங்குகின்றது. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் கொழும்பையும் புத்தளத்தையும் நீர்வழியால் இணைத்திருந்தது. புகையிரதப் பாதை 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் எட்டியது. கொப்பறாவும் தேங்காய் எண்ணெயும் தும்பும் புத்தளத்து உப்பும் இவ்வழிகளால் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தன. பாதைகள் மக்களின் தேவைக்காக வந்தன என்பதைவிட, சரக்கின் தேவைக்காக வந்தன என்பதே பொருந்தும்.

தேயிலைக்கும் தென்னைக்கும் இடையிலான வேறுபாடு இங்கே அடிப்படையானது. தேயிலைத் தோட்டங்களின் பெரும்பகுதி பிரித்தானியக் கம்பனிகளின் கையில் இருந்தது. தென்னையின் பெரும்பகுதியோ இலங்கையர் கையில் இருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத நிலத்தை முடிக்குரியதெனக் கருத வழிசெய்தது. காட்டை வெட்டிச் சேனை செய்து வந்த கிராமத்தவரிடம் உறுதி எதுவும் இருக்கவில்லை. அரசு அந்நிலத்தை விற்றபோது, சாராயக் குத்தகையிலும் காரீயச் சுரங்கத்திலும் பணம் திரட்டிய உள்நாட்டுச் செல்வர் அதை வாங்கித் தென்னையை நட்டனர். இலங்கை முதலாளி வர்க்கம் சாராயம், காரீயம், தென்னை ஆகியவற்றிலிருந்து எவ்வாறு முளைத்தெழுந்தது என்பதைக் குமாரி ஜயவர்த்தன தமது ஆய்வுகளில் விரிவாக நிறுவியுள்ளார். 1948இல் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்காவின் குடும்பச் செல்வமும் காரீயத்தையும் தென்னையையும் ஆதாரமாகக் கொண்டதே.

ஆகவே, சுதந்திர இலங்கையின் ஆட்சியுரிமையைப் பெற்ற வர்க்கத்தின் வேரைத் தேடுவோர் மலைநாட்டுக்குச் செல்லத் தேவையில்லை. இத்தென்னந்தோப்புகளுக்கே வருதல் வேண்டும். தோட்ட உடைமையாளருட் பலர் ஊரில் வாழ்ந்தவரல்லர். நிலமற்ற குடியானவன் ஒருவன் காட்டை வெட்டிக் கன்று நட்டு, ஆண்டுக்கணக்காக நீரூற்றிக் காவல் காத்து, மரம் காய்க்கும் பருவத்தில் ஒரு பங்கைப் பெற்று விலகும் முறை நெடுங்காலம் வழக்கிலிருந்தது. பெற்ற பங்கும் கடனுக்கு ஈடாகி மீண்டும் பெருந்தோட்டத்துடன் சேர்வது அரிதன்று. காய் பறிப்போர், உரிப்போர், கொப்பறா வாட்டுவோர், தும்படிக்கும் பெண்கள் ஆகியோர் நாட்கூலிகளாகவே இருந்தனர். கடற்கரையில் கரைவலை இழுத்தோரும் வலையும் தோணியும் உடைய சம்மாட்டிமாருக்கு முன்பணத்தால் கட்டுண்டிருந்தனர். உப்பு அரசின் ஏகபோகம். உப்பளத்தில் வெயிலில் நின்றோருக்கும் அது நாட்கூலியே.

இவர்கள் தமக்குள் மொழியாலும் மதத்தாலும் வேறுபட்டனர், ஆயினும் உற்பத்தி உறவில் ஒரே நிலையில் இருந்தனர். இந்த ஒருமை அரசியல் ஒருமையாக மலராமற் போனது எதனால் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

2. வட்டியும் பர்மா அரிசியும்

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு இக்கரையோரத்தைத் தென்கிழக்காசியாவுடன் சேர்த்து நோக்குதல் அவசியம். தென்னை உண்ணும் பயிரன்று, விற்கும் பயிர். தேங்காயை விற்றவர் அரிசியை வாங்கவேண்டியிருந்தது. உலக யுத்தத்துக்கு முன்னர் இலங்கையின் அரிசித் தேவையில் மூன்றில் இரண்டு பங்களவு வெளிநாட்டிலிருந்து வந்தது. அதிற் பெரும்பகுதியை விளைவித்தது பர்மாவின் ஐராவதிக் கழிமுகம். அக்கழிமுகத்து நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்தவர் செட்டிநாட்டிலிருந்து சென்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார். புத்தளம், சிலாபம் பகுதிகளில் தென்னங்காணிக்கு ஈடுபிடித்துக் கடன் கொடுத்தவரும் அவரே. அரிசி விளைந்த இடத்தையும் அரிசி உண்ட இடத்தையும் ஒரே வட்டி இணைத்திருந்தது.

செட்டியார் தனித்து நின்று இயங்கியவரல்லர். கொழும்பிலிருந்த பிரித்தானிய வங்கிகள் இலங்கையருக்கு நேரடியாகக் கடன் கொடுக்கத் தயங்கின. அவை செட்டியாருக்குக் குறைந்த வட்டியிற் கொடுத்தன, செட்டியார் அதைக் கூடிய வட்டிக்குக் கொடுத்தார். 1925இல் செட்டியார் நிறுவனமொன்று முறிந்தபோது வங்கிகள் தமது கடனைச் சுருக்கிக்கொண்டன. அதன் சுமை முழுவதும் உள்ளூர்க் கடனாளியின் தலையில் விழுந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியிற் கொப்பறா விலை சரிந்ததும், ஈடுவைத்த தென்னங்காணிகள் பல செட்டியார் கைக்கு மாறின. பர்மாவிலும் இதுவே நிகழ்ந்தது. கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 வீதமாக இருந்த செட்டியாரின் நிலவுடைமை, 1930களின் இறுதியில் நூற்றுக்கு 25 வீதமாக உயர்ந்தது.

விளைவும் இரு நாடுகளிலும் ஒத்திருந்தது. 1930இல் ரங்கூன் துறைமுகத்தில் பர்மியத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் மோதிக்கொண்டனர். அவ்வாண்டின் இறுதியில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். இலங்கையிலே, முன்னர் எல்லாத் தொழிலாளரையும் ஒன்றுதிரட்டிய ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்க இயக்கம் 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியது. வங்கிக்கும் கடனாளிக்கும் இடையிலிருந்த முரண்பாடு, இந்தியனுக்கும் இலங்கையனுக்கும் இடையிலான முரண்பாடாக உருமாற்றம் பெற்றது. வட்டி வாங்கிய செட்டியாரும், அவரோடு எவ்வகைத் தொடர்புமற்ற தோட்டக் கூலியும், கள் இறக்கிய மலையாளியும், காயல்பட்டினத்து வணிகரும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டனர். 1934இல் இலங்கை வங்கி விசாரணைக் குழு அறிக்கை வெளிவந்தது. 1939இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. தென்னந்தோட்ட முதலாளிக்குக் கடன் வழி திறந்தது. நிலமற்ற நாட்கூலியின் கடனை இவ்வங்கி தீர்க்கவில்லை.

3. வாக்குரிமை வந்தபோது

1931இல் டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசிய நாடுகளில் இது முன்னோடியான நிகழ்ச்சி. இவ்வுரிமையை இலங்கைத் தலைவர்கள் போராடிப் பெறவில்லை என்பது மட்டுமன்று, அவர்களிற் பெரும்பாலோர் அதை விரும்பவுமில்லை. சிங்களத் தலைவர்களும் தமிழ்த் தலைவர்களும் கல்வியும் சொத்தும் உடையோருக்கே வாக்கு இருத்தல் வேண்டும் எனக் கருதினர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சுயராச்சியம் தரப்படவில்லை என்ற காரணத்தால் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அதன் ஏகாதிபத்திய எதிர்ப்பு நேர்மையானது. ஆனால் தும்படிக்கும் பெண்ணுக்கு அந்த வாக்கு என்ன பொருளைத் தரக்கூடும் என்பதை அது போதியளவு எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

வாக்குரிமை வழங்கப்பட்டபோதே அதில் ஒரு விரிசலும் வைக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்தோர் நிரந்தர வதிவிடத்தை நிறுவுதல் வேண்டும், அல்லது கல்வி, சொத்துத் தகைமை காட்டுதல் வேண்டும், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறுதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஒரே தோட்டத்தில் ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவர் வாக்காளராகவும் மற்றவர் விண்ணப்பதாரராகவும் ஆயினர். சம்பளத்திலோ பிரிவு மறுபுறமாக அமைந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் உரியதாக இருந்தது. தென்னந்தோட்டத்து உள்ளூர்க் கூலிக்குச் சட்டம் காவலாக நிற்கவில்லை. 1941இல் சம்பளச் சபைகள் சட்டம் வரும்வரை இந்நிலை நீடித்தது. ஒருவனுக்குச் சம்பளப் பாதுகாப்பு, வாக்கில் ஐயம். மற்றவனுக்கு வாக்கு, சம்பளத்திற் பாதுகாப்பின்மை. ஒருவன் மற்றவனை நோக்கிப் பொறாமை கொள்வதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டைத் தோட்ட முதலாளி செய்திருக்க முடியாது.

எனினும் வாக்கு பயனற்றுப் போகவில்லை. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் வடிநிலங்களைத் தாக்கியது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். தெதுறு ஓயா சிலாபத்தருகே கடலுடன் கலப்பது. தென்னைவிலை வீழ்ச்சியால் அரைப்பட்டினி கிடந்த உடல்களை அந்நோய் எளிதிற் கொண்டுசென்றது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கொயினாவும் உணவும் எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். அவ்வனுபவத்திலிருந்தே 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த ஆண்டில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். ஏழை வாக்காளனை இனி எவரும் முற்றாகப் புறக்கணிக்க முடியாத நிலை தோன்றியது. 1937இல் தோட்டத் தொழிலாளர் மத்தியிற் பேசிய பிறேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞரை நாடுகடத்த ஆள்பதி எடுத்த முயற்சியும், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானதும், ஆட்சியாளர் எதற்கு அஞ்சினர் என்பதைக் காட்டுகின்றன. வாக்காளனான கிராமத்துக் கூலியும் சங்கத்திற் சேர்ந்த தோட்டக் கூலியும் கைகோப்பதே அந்த அச்சம்.

4. யுத்தம்

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. ஏப்பிரல் 5இல் கொழும்பும் 9இல் திருகோணமலையும் வான்வழித் தாக்குதலுக்கு உள்ளாயின. இவற்றுட் குண்டுகளைவிட ரங்கூனின் வீழ்ச்சியே இக்கரையோரத்து வீடுகளைக் கூடுதலாகப் பாதித்தது. பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. கூப்பன் என்ற சொல் அன்றாட வழக்கிற் புகுந்தது. கோதுமை மாவும் மரவள்ளிக் கிழங்கும் குரக்கனும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. மறுபுறத்தில், பிலிப்பைன்சும் ஒல்லாந்தர் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகளும் மலாயாவும் ஜப்பானியர் கைக்குச் சென்றமையால், நேச நாடுகளுக்கு எட்டும் தூரத்தில் எஞ்சிய முக்கிய தென்னை நாடுகளுள் ஒன்றாக இலங்கை மாறியது. தேங்காய்க்குத் தேவை மிகுந்தது. தேங்காய் உடையவர் தலைநிமிர்ந்தார். அரிசி வாங்கவேண்டியவர் வரிசையில் நின்றார்.

புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு 'ரஜாலியா' என்ற பெயரில் ஒரு தளத்தை நிறுவியது. சேற்றிற் புதைந்த போர்விமானங்களை இழுப்பதற்கு அங்கே யானைகள் பயன்படுத்தப்பட்டன. 1944 ஏப்பிரலில் மவுண்ட்பேட்டன் தமது தலைமையகத்தைத் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். அதன் பெயர் தென்கிழக்காசியக் கட்டளையகம். இவ்வாறு, இன்று தெற்காசிய நாடு என எண்ணப்படும் இலங்கை, குடியேற்றவாதத்தின் இறுதி ஆண்டுகளிலே தென்கிழக்காசியாவின் இராணுவத் தலைநகராக விளங்கியது. பர்மாவையும் மலாயாவையும் மீளப் பிடிப்பதற்கான திட்டங்கள் பேராதனை மரநிழலில் வகுக்கப்பட்டன.

யுத்தகால அரசு, கூலிக்காரனின் பட்டினி கலகமாக மாறாதிருக்க வேண்டும் என்பதிற் கவனமாக இருந்தது. அரிசிக்கு மானியம் வழங்கப்பட்டது. 1944 மே மாதத்தில் சிங்களத்துடன் தமிழையும் அரசகரும மொழியாக்கும் தீர்மானம் அரசாங்க சபையில் நிறைவேறியது. 1945 ஒக்டோபரில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இவை சிறிய பேறுகளல்ல. மதுரங்குளி போன்றதோர் ஊரிலிருந்து ஒரு கூலிக்காரரின் பிள்ளை பல்கலைக்கழகம்வரை செல்ல முடிந்ததெனின், அதற்கு 1931ஆம் ஆண்டு வாக்கும் 1945ஆம் ஆண்டுப் பள்ளியுமே அடிப்படை. முதலாளித்துவ ஜனநாயகத்தின் எல்லைகளைச் சுட்டும் நாம் அதன் பேறுகளை மறைத்தல் நேர்மையாகாது. வாக்கு இருந்த இடத்திலேயே அரிசியும் பள்ளியும் வந்தன. வாக்கைப் பறிப்பதன் கொடுமையும் இதனாலேயே விளங்குகின்றது.

5. கைமாறிய ஆட்சி

1944 இறுதியில் சோல்பரிக் குழு இலங்கைக்கு வந்தது. 1945 நவம்பரில் அதன் அடிப்படையிலான அரசியலமைப்பை அரசாங்க சபை 51க்கு 3 என்ற வாக்குகளால் ஏற்றது. முஸ்லிம் தலைவர் ரி. பி. ஜாயா, தமது சமூகத்தின் தனிக்கோரிக்கைகளை ஒதுக்கிவைத்து அதை ஆதரித்தார். சபையில் இவ்விணக்கம் நிலவியபோது வீதியில் நிலைமை வேறாக இருந்தது. 1945, 1946, 1947 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வேலைநிறுத்த அலைகள் எழுந்தன. 1947 ஜூன் 5இல் கொலன்னாவையில் பொலிசார் சுட்டதில் அரசாங்க லிகிதர் வி. கந்தசாமி உயிரிழந்தார். சிங்களத் தொழிலாளரும் தமிழ் லிகிதரும் ஒரே ஊர்வலத்தில் நடந்த காலம் அது.

அதே ஆண்டு ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நடந்த பொதுத் தேர்தலில் 95 தொகுதிகளில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 இடங்களே கிடைத்தன. இடதுசாரிக் கட்சிகள் மூன்றும் சேர்ந்து 18 இடங்களைப் பெற்றன. புத்தளத்திலிருந்து எச். எஸ். இஸ்மாயில் தெரிவானார், பின்னர் 1956இல் சபாநாயகருமானார். தொழிற்சங்கங்கள் வலுப்பெற்ற கொழும்பிலும் களனிப் பள்ளத்தாக்கிலும் இடதுசாரிகள் வென்றமையும், தென்னைக் கரையோரத்திலே செல்வாக்குள்ள குடும்பங்களின் பிடி தளராதிருந்தமையும் எளிதில் விளங்கக்கூடியவை. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயங்களில் நெருங்கி வாழ்ந்தனர். தென்னந்தோட்டத்தில் ஒரு குடிசைக்கும் அடுத்த குடிசைக்கும் இடையில் ஒரு தோப்பு இருந்தது. சிதறிக் கிடந்த கூலிகளை ஒன்றுசேர்க்கும் சங்கம் இங்கே வேரூன்றவில்லை. கடன் கொடுத்தவரும் வேலை கொடுத்தவரும் வாக்குக் கேட்டு வந்தவரும் ஒருவராகவோ ஒரே குடும்பத்தினராகவோ இருந்தனர்.

1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம் வந்தது. பர்மா ஒரு மாதத்துக்கு முன்னர், ஜனவரி 4இல், பொதுநலவாயத்தை விட்டு வெளியேறியே சுதந்திரமடைந்தது. இலங்கையோ, 1947 நவம்பரிற் செய்துகொண்ட உடன்படிக்கையால் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் பிரித்தானியரிடம் விட்டுவைத்தது. அவை மீண்டது 1957இலேயே. மலாயாவில் 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அங்கே தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். மலாயாவிலே ஆயுதத்தாலும் தூக்குமரத்தாலும் சாதிக்கப்பட்டதை இலங்கை ஆளும் வர்க்கம் சட்டத்தால் சாதித்தது.

6. பறிக்கப்பட்ட வாக்கு

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் என்பதையோ நிறுவக் கோரியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பத்துக்கு ஒரு வழியைக் காட்டி, அவ்வழியைப் பத்திரங்களால் அடைத்தது. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜையல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் தொகை 780,000க்கு மேற்பட்டது. அவர்களிற் பெரும்பான்மையோர் நாடற்றோராயினர். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார். அம்முரண்பாட்டிலிருந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது.

இதன் அரசியற் கணக்கு ஒன்று உண்டு. சோல்பரி ஏற்பாட்டின்படி 75,000 மக்களுக்கு ஒரு தொகுதியும் 1,000 சதுர மைலுக்கு மேலதிகமாக ஒரு தொகுதியும் வகுக்கப்பட்டன. மக்கள் தொகையைக் கணக்கிடும்போது வாக்கிழந்தோரும் எண்ணப்பட்டனர். அதாவது, தோட்டத் தொழிலாளியின் தலை தொகுதியை உருவாக்க உதவியது, அவனது கை வாக்களிக்க உதவவில்லை. அத்தொகுதிகளின் பயன் எஞ்சிய வாக்காளருக்கும், அவர்கள் மூலமாக ஆளும் கட்சிக்கும் சென்றது.

இச்சட்டங்களைத் தமிழருக்கு எதிரான சட்டங்கள் என்று மட்டும் விளங்கிக்கொள்வது போதாது. அவை தமிழருக்கு எதிரானவை என்பது உண்மை. அவை தொழிலாளருக்கு எதிரானவை என்பது மேலும் ஆழமான உண்மை. பிறப்புப் பதிவு ஒருபோதும் ஒழுங்காக நடைபெறாத கரையோரத்துக் குடிசைகளிலும், இரு கரைகளுக்கும் இடையில் தலைமுறைகளாகப் போய்வந்த வணிக, மீனவக் குடும்பங்களிலும் இச்சட்டம் ஒரு புதிய அச்சத்தை விதைத்தது. 'நான் இங்கே பிறந்தவன்' என்பது ஒரு செய்தியாக இராமல் நிரூபிக்கவேண்டிய வழக்காக மாறியது. பாட்டன் பிறந்த ஊரை நிறுவும் பத்திரம் உடைமையாளனிடமே இருக்கும். 1840இல் நிலத்துக்கு உறுதி கேட்ட அரசு, 1948இல் மனிதனுக்கு உறுதி கேட்டது. இரண்டு முறையும் உறுதியற்றவன் உழைப்பாளியே.

சுதேச உழைப்பாளி இதனால் என்ன பெற்றான்? செட்டியார் ஒதுங்கினார், கடன் ஒதுங்கவில்லை. இந்தியக் கூலியின் வாக்கு நீங்கியது, உள்ளூர்க் கூலியின் சம்பளம் அதனால் உயரவில்லை. இடதுசாரிகளின் பாராளுமன்ற வலிமை குன்றியபின், 1953இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். தோட்டத் தொழிலாளியின் வாக்கைப் பறித்தவர்கள் அடுத்ததாகக் கைவைத்தது சிங்கள ஏழையின் சோற்றில் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இடதுசாரி இயக்கமும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. அது இச்சட்டங்களைப் பாராளுமன்றத்தில் உறுதியுடன் எதிர்த்தது. ஆனால் நகரத்தையும் தோட்டத்தையும் அணிதிரட்டிய அளவுக்குத் தென்னைக் கிராமத்தையும் மீனவர் வாடியையும் அது அணுகவில்லை. தமிழ்மொழி பேசும் முஸ்லிம் கூலியையும் சிங்களம் பேசத் தொடங்கிய கத்தோலிக்க மீனவரையும் ஒரே மேடையில் அமர்த்தும் மொழியை அது கண்டறியவில்லை. அவ்வெற்றிடத்தை மதமும் இனமும் நிரப்பின.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு இது: புத்தளக் கரையோரத்தில் குடியேற்றவாதத்தின் முடிவு, உடைமையாளருக்கிடையே நிகழ்ந்த கைமாற்றமாக அமைந்தது. அக்கைமாற்றத்துக்கு ஆபத்தாக இருந்தது 1931இல் எதிர்பாராது கிடைத்த பொது வாக்குரிமை. அதை முற்றாக ஒழிக்க முடியாத ஆளும் வர்க்கம், யார் இந்நாட்டவர் என்ற கேள்வியை எழுப்பி அதைப் பிளந்தது. கடன்பட்டோரின் கோபம் வங்கியை எட்டாமல் அந்நியனை நோக்கித் திருப்பப்பட்டதே அப்பிளவுக்கு நிலத்தைப் பண்படுத்தியது.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடற்றோர் பிரச்சினை சட்டத்தளவில் தீர்ந்தது 2003இலேயே. ஆயினும் 1948 எழுப்பிய கேள்வி முற்றுப்பெறவில்லை. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோரை அவர்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். அவர்களிற் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரிவுகளிலேயே தஞ்சம் புகுந்தனர். தமிழின் பெயரால் நிகழ்ந்த இக்கொடுமையைத் தமிழ் ஆய்வாளர் மௌனமாகக் கடந்துபோதல் தகாது. ஒரு மக்கட்கூட்டத்தை ஒரே நாளில் அந்நியராக்கும் தருக்கம் கொழும்புக்கு மட்டும் உரியதன்று என்பதை அது காட்டியது. தென்னந்தோப்புகளுக்கிடையில் ஓலைக் குடிசை அமைத்த அம்மக்கள் தமது வாக்கு மன்னாரிலா புத்தளத்திலா என்ற கேள்விக்கு மூன்று தசாப்தங்களாக முகங்கொடுத்தனர். 2019 நவம்பர் 16இல் சனாதிபதித் தேர்தலுக்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரின் பஸ் வண்டிகள்மீது வழியில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அவ்வண்டிகள் திரும்பிப் போகவில்லை, அம்மக்கள் மன்னார் சென்று வாக்களித்தனர்.

கையில் உறுதியில்லாதவர் தமது ஒரே உடைமையான வாக்கை எவ்வளவு பெறுமதியுடையதாகக் கருதுகின்றனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இக்கரையோரத்தின் வரலாற்றை எழுத முற்படும் எவரும், தேங்காய் யாருடையது, அரிசி எங்கிருந்து வந்தது, வாக்கு யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். அவற்றைத் தனித்தனியே கேட்டதனாலேயே நமது வரலாற்றெழுத்து மூன்று இனங்களின் மூன்று கதைகளாகப் பிரிந்து கிடக்கின்றது.